கத்திப் பிடிக்குச் சீமைக் கருவேலம்

மீஞ்சூர், காட்டுப்பள்ளி பக்கம் வண்டியில போனா சீமைக் கருவேலம் கண்ணில் படாம இருக்காது. வேற செடியை வளர விடாதுன்னு எல்லாரும் வெட்டச் சொல்ற மரம். வெட்டினா பெரும்பாலும் விறகு, இல்லன்னா கரி. ஆனா கையால கத்தி செய்றவங்களுக்கு இது அருமையான பிடி மரம். இதோட சொந்தக்கார மரமான மெஸ்கீட்டை அமெரிக்காவில் கத்திப் பிடிக்குத் தேடி வாங்குறாங்க.

காரணம் என்ன? எந்த மரமும் காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும், விட்டுச் சுருங்கும். பெரும்பாலான மரங்கள் ஒரு பக்கம் சுருங்குவதைவிட இன்னொரு பக்கம் சுமார் 2 மடங்கு சுருங்கும். விரிசலும் கோணலும் அதனால்தான். மெஸ்கீட் வகையில் அந்த வித்தியாசம் ரொம்பக் குறைவு.

அதுக்காகப் பச்சை மரத்தை அப்படியே பூட்டிடக் கூடாது. மரம் சுருங்கும், இரும்பு சுருங்காது. ரிவிட் பக்கத்தில் விரிசல் விழும், அதில் மீன் தண்ணி இறங்கும், உள்ளே துரு பிடிக்கும், பிடி ஆடும். ஈரக் கையில் ஆடுற பிடி விரலுக்கு ஆபத்து.

அதனால வைரம் பாய்ஞ்ச பகுதியை மட்டும் எடுங்க. வெளியில இருக்கிற வெளிர் மரத்தை வண்டு துளைக்கும். நடுத்தண்டும் வேண்டாம், அங்கேதான் வெடிக்கும். பலகையா அறுத்து, ரெண்டு முனையிலும் மெழுகு பூசி, நிழலில் வைங்க. வாரம் ஒருமுறை கிச்சன் தராசில் எடை போட்டுக் குறிச்சுக்கோங்க. எடை குறையறது நின்னா, காய்ஞ்சாச்சு.

எங்கே காய வைக்கிறோம்ங்கிறதும் முக்கியம். காற்றில் ஈரப்பதம் 70% இருந்தா மரத்துக்குள்ள சுமார் 13% ஈரம் நிற்கும். 50% இருக்கிற ஏசி ரூமில் சுமார் 9%. காட்டுப்பள்ளி கடல் காற்றில் புழங்கப்போற கத்தின்னா, மரமும் அந்தக் காற்றிலேயே காயட்டும்.

பூட்டி வடிவம் கொண்டுவந்த பிறகு உப்புத்தாள்: 80, 120, 220, 320 என்ற வரிசையில். மாஸ்க் கட்டாயம், இந்தத் தூள் மூக்குக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. 220 முடிஞ்சதும் ஈரத்துணியால் துடைங்க. நார் எழும்பி நிற்கும். காய்ஞ்ச பிறகு 320 போட்டா, அப்புறம் தண்ணி பட்டாலும் சொரசொரப்பு பெரிசா வராது.

கடைசியா ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது இறுகாது. மெல்லிசா பூசி, அரை மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைச்சு, நல்லா காஞ்ச பிறகு அடுத்த பூச்சு. இது ஈரத்தை முழுசா நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். கழுவினதும் துடைச்சு வைக்கிறது நம்ம வேலை.

ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீங்க. இறுகும்போது சூடாகி, தீப்பெட்டி இல்லாமலே தானா பத்திக்கும். வெளியில் விரிச்சுக் காயப்போடுங்க.

உங்க ஊர்ல சீமைக் கருவேலம் வெட்டினா, அடுப்புக்குப் போறதுக்குள்ள ஒரு நல்ல கட்டையைக் கேட்டு வாங்கி வைங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.