மயக்க மருந்தும் முதியோர் நினைவும்

அறுவைச் சிகிச்சை இனிதே முடிந்த பின்பும், வீட்டுப் பெரியவர் இடமும் நேரமும் அறியாது மயங்கி, பெற்ற பிள்ளையையே யாரென்று வினவுவாராயின், அதனைச் சித்தப்பிரமையென்று எண்ணிக் கலங்காமல், உடனே வைத்தியரிடம் உரைத்தல் வேண்டும்.

இக்குழப்பம் தணிந்த பின்னும் சிலருக்கு ஞாபக சக்தி சிறிது காலம் தளர்ந்திருப்பதுண்டு. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களாய், முழு மயக்கத்தில் பெரிய சிகிச்சை பெற்ற 1,218 பேரைச் சோதித்து 1998-இல் வெளியான சர்வதேச ஆய்வு, ஒரு வாரத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் கண்ட தளர்ச்சியை, மூன்று மாதங்களில் பத்தில் ஒருவரிடமே கண்டது.

இவற்றுக்கு மயக்க மருந்து மாத்திரமே காரணமன்று. உடலின் அழற்சியும் வலியும் நித்திரைக் குறைவும் துணைசெய்வன. பெரியவர் கண் விழித்ததும் காது கேட்கும் கருவியையும் மூக்குக்கண்ணாடியையும் அணிவித்துப் பழகிய குரலில் பேசுவதே உத்தமமான பரிகாரம்.