படிமச் சோதனையும் இளைஞர் பணியும்



லினக்ஸ் என்னும் பெயர் நம் இளைஞர் பலர்க்குப் புதியதன்று. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில், தமது 21ஆம் வயதில், வெளியிட்ட கருவிலிருந்து வளர்ந்த இயங்குதளம் அது. எவரும் விலையின்றிப் பெறலாம்; திருத்தலாம்; பிறர்க்கு வழங்கலாம். நம் நாட்டவரும் ஃபெடோரா என்னும் லினக்ஸ் தொகுப்பைத் தழுவி ஒன்றை ஆக்கி, ‘ஹந்தான’ எனப் பெயரிட்டனர். பேராதனைப் பல்கலைக்கழகம் எம்மலையடியில் இருக்கின்றதோ அம்மலையின் பெயரே அது.

பெரியோர் பொருட்டு ஒரு விளக்கம். மேகக் கணிமை என்பது வாடகை வீடு போன்றது. அமேசன் நிறுவனம் 2006இல் இவ்வகையில் கணினிகளை வாடகைக்கு விடத் தொடங்கியது; 2016 முதல் மும்பாயிலும் அதற்கு நிலையம் உண்டு. கண்டியில் இருந்தவாறே அங்குள்ள கணினியொன்றை வேண்டிய நேரத்துக்கு மட்டும் எடுத்தாளலாம். இயங்குதளத்தை அதில் ஒருவர் இருந்து நிறுவுவதில்லை. முன்பே ஆக்கி வைத்த படிமம் ஒன்றிலிருந்தே கணினி பிறக்கின்றது. படிமத்திற் பிழையொன்றிருப்பின் அதிலிருந்து பிறக்கும் ஆயிரம் கணினிகளிலும் அப்பிழை இருக்கும்.

சென்ற விடுமுறையில் நாம் சிலர் கூடி ஃபெடோராவின் மேகப் படிமம் ஒன்றைச் சோதித்தோம். 1 கிகாபைட் நினைவகமுள்ள சிறு கணினியே போதுமாயிற்று. முதற்றடவை எழும்போது அது நாம் கொடுத்த திறப்பை ஏற்கின்றதா, கடவுச்சொல்லால் நுழைய முயல்வோரைத் தடுக்கின்றதா, வட்டின் முழு இடத்தையும் எடுத்துக்கொள்கின்றதா, மறுபடி தொடக்கினால் ஒழுங்காக எழுகின்றதா என்று பார்த்தோம். பின்னர் அதே படிமத்திலிருந்து இரு கணினிகளை எழுப்பி, அவற்றின் அடையாளத் திறப்புகளை ஒப்பிட்டோம். இவை வேறு வேறாய் இருத்தல் வேண்டும். ஒன்றாயிருப்பின், ஒரு வீட்டுத் திறப்பு ஊரிலுள்ள எல்லா வீட்டையும் திறப்பது போலாகும்.

இது வீண் அச்சமன்று. டெபியன் தொகுப்பில் 2006இல் செய்த ஒரு சிறு திருத்தத்தால், ஒவ்வொரு வகைத் திறப்பும் 32,767 விதங்களுள் ஒன்றாகவே அமைந்தது. 2008 மே மாதத்தில் வெளிப்படும்வரை அது உலகெங்கும் பரவியிருந்தது. 2024 மார்ச்சில் நடந்ததோ இன்னும் வியப்புக்குரியது. சோதனை நிலையிலிருந்த டெபியனில் வேலை செய்த அண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியியலாளர், கணினிக்குள் நுழைய 0.3 செக்கனுக்குப் பதிலாக 0.8 செக்கன் ஆவதைக் கண்டார். அரைச் செக்கன்தானே என்று விட்டுவிடாமல் தேடிச் சென்றார். எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளில் எவரோ கள்ளவழி புகுத்தியிருந்தமை புலனாயிற்று. ஃபெடோராவின் முன்வெளியீட்டையும் எட்டியிருந்த அது, பொதுமக்கள் பரவலாகப் பாவிக்கும் நிலையான வெளியீடுகளுக்குள் புகுமுன் தடுக்கப்பட்டது.

சமய மன்றத்தில் இதற்கென்ன இடம் என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்க நூறு பேர் முண்டியடிப்பர். முதல்நாள் மாலை அச்சாணியைத் தட்டிப் பார்ப்பவர் ஒருவரே. அவரை எவரும் படம் எடுப்பதில்லை. இலவசமாய்க் கிடைத்ததைப் பாவிப்பதில் நம் இளைஞர் குறைந்தவரல்லர். அச்சாணி பார்க்கவும் முன்வரலாம் என்பதே எமது எண்ணம். ஃபெடோரா பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை வெளிவருகின்றது. ஒவ்வொரு முறையும் சோதனை முடிவுகளை எவரும் பதியலாம்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மேகச் சேவையிற் கணக்குத் தொடங்கக் கடன் அட்டை கேட்கின்றனர். மாணவரிடம் அது ஏது? கணினியை நிறுத்த மறந்தால் வாடகையும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே மன்றத்தின் பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்கி, செலவு குறித்த தொகையை அணுகியதும் பொருளாளருக்கு அறிவித்தல் போகும்படி ஒழுங்கு செய்யுமாறு செயற்குழுவை வேண்டுகின்றோம். சோதனை முடிந்ததும் கணினியை அழித்துவிட்டோம் என்று அன்றே பதிவேட்டில் ஒப்பமிடும் பொறுப்பை மாணவர் நாம் ஏற்போம்.