குழந்தையின் தலைக்கு ஒரு வரப்புத் தொப்பி

(நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் கூடிய தாய்மாருக்கு, கல்முனைக்கு அருகே உள்ள சவளக்கடையைச் சேர்ந்த கைவேலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் கீழ்க்கரைப் பக்கத்து ஆள். கல்முனையில் இருந்து கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி வந்தால் எங்கட சவளக்கடை. சுற்றிவர வயல். மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். அப்போது கல்முனைக்குப் போய் வருவதே பெரும்பாடு. ஆனால் குளிர் என்று எங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கட ஆண்கள் தொப்பி போடுவது தொழுகைக்கு. வெள்ளை நூலில் பின்னிய மெல்லிய தொப்பி அது. காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

உங்கட பக்கத்தில் கதை வேறு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் விடியற்காலைப் புல்லில் வெண்பனி படிகிற நாளும் உண்டு. இங்கே தொப்பி குளிருக்கு. ஊசி அதே ஊசிதான். நூலும் பின்னலும்தான் மாறும்.

இன்றைக்கு நான் ஒரேயொரு சாமானைத்தான் சொல்லித்தரப் போகிறேன். பிறந்த குழந்தைக்குப் போடும் வரப்புத் தொப்பி. ஊசியே பிடித்தறியாதவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருங்க.

ஏன் முதலில் குழந்தையின் தலை?

பிறந்த குழந்தையின் உடம்பு நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலை. வளர்ந்த ஆளுக்கு ஏழில், எட்டில் ஒரு பங்குதான். அதனால் மூடாத தலையின் வழியே குழந்தை இழக்கிற சூடு நம்மை விட மிகவும் அதிகம். 2,500 கிராமுக்குக் குறைந்து பிறந்த பிள்ளைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பும் குறைவு. உடம்பைச் சூடாக வைத்திருக்கவே குடித்த பால் செலவாகிவிட்டால், எடை எப்படி ஏறும்?

எடை குறைந்த பிறப்பு தோட்டப் பகுதியில்தான் கூட என்று 2006-07ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் நடந்த தேசியக் கணக்கெடுப்புகள் காட்டின. அதற்குக் காரணங்கள் பல: தாயின் சாப்பாடு, இரத்தச்சோகை, ஓய்வில்லாத வேலை. ஒரு தொப்பி இவற்றை எல்லாம் மாற்றிவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிறந்துவிட்ட பிள்ளையின் சூட்டைக் காப்பாற்ற நம்மால் ஆன ஒரு காரியம் இது. தாயின் நெஞ்சோடு தோல் படக் குழந்தையை அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறை, 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் வைத்தியர் எட்கார் ரே தொடங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனமும் எடை குறைந்த பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்கிறது. அந்த முறையில் குழந்தைக்குச் சட்டை கூட இல்லை. துணி நாப்கினும் தலையில் ஒரு தொப்பியும்தான். முதற் குளிப்பை ஒரு நாளாவது தள்ளிப் போடச் சொல்வதும் சூட்டைக் காப்பாற்றத்தான்.

இதோடு ஒரு எச்சரிக்கை. தொப்பி போட்ட பிள்ளையின் நெஞ்சையும் பிடரியையும் அடிக்கடி தொட்டுப் பாருங்க. வியர்த்திருந்தால் கழற்றுங்க. காய்ச்சல் என்றாலும் கழற்றுங்க. வளர்ந்து வரும் பிள்ளையைச் சூடான அறையில் தூங்க வைக்கும்போது தொப்பி வேண்டாம். முகத்துக்கு இறங்கினால் மூச்சு முட்டும். தாடையில் கட்டும் கயிறு, தொங்கும் குஞ்சம், பொத்தான் எதுவும் வைக்காதீங்க.

ஏன் வரப்புத் தொப்பி?

எங்கட தொழுகைத் தொப்பியை உச்சியில் இருந்து வட்டமாகப் பின்னிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கணக்காகப் பின்னல் கூட்ட வேண்டும். கூட்டியது அதிகமானால் தட்டு மாதிரி அலை அடிக்கும். குறைந்தால் கிண்ணம் மாதிரிக் குவியும். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மனம் வெறுத்து ஊசியைத் தூக்கி வைக்கிறார்கள்.

வரப்புத் தொப்பியில் அந்தச் சங்கடம் இல்லை. அது வெறும் நீள்சதுரத் துண்டு. போய் வந்து, போய் வந்து ஒரே பின்னலைப் போட வேண்டியதுதான். கடைசியில் இரண்டு ஓரத்தையும் பொருத்தி, ஒரு பக்கத்தை நூலால் சுருக்கினால் தொப்பி. உங்களுக்கு நிரை என்றால் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து எடுக்க நிரை பிடிப்பதைப் போல இதிலும் நிரை நிரையாகப் போக வேண்டும். பின்னி வரும்போது எங்கட வயலில் வரப்பும் வாய்க்காலும் மாறி மாறி வருவதைப் போல மேடும் பள்ளமும் தெரியும். இழுத்தால் பள்ளம் விரியும், விட்டால் சுருங்கும். அதனால்தான் ஒரு அங்குலம் கூடக்குறையப் பிழைத்தாலும் தலைக்குப் பொருந்தும். பிள்ளை வளர வளரச் சில மாதத்துக்குப் போடவும் ஏலும்.

தேவையான சாமான்

குறோசே ஊசி ஒன்று. குறோசே என்பது பிரெஞ்சுச் சொல், சின்னக் கொக்கி என்று பொருள். ஊசியில் அளவு எழுதியிருக்கும்; 4 மில்லிமீற்றர் நல்லது. 50 கிராம் நூலுருண்டை ஒன்று போதும், மிஞ்சும். நடுத்தரத் தடிப்பு, மென்மையானது, குத்தாதது. கன்னத்தில் தேய்த்துப் பார்த்து வாங்குங்க. முதல் தொப்பிக்கு வெளிர் நிறம் எடுங்க. கறுப்பு, கடும்நீலத்தில் லயக் காம்பரா வெளிச்சத்துக்குக் கண்ணி தெரியாது. பெரிய காதுள்ள மொட்டை ஊசி ஒன்று, கத்தரிக்கோல், அளவு நாடா. அவ்வளவுதான்.

கொழுந்து எடுத்த கையில் வெடிப்பு இருக்கும், நூல் மாட்டும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு உட்காருங்க.

கடையில் கிடைக்கும் நூல் பெரும்பாலும் அக்ரிலிக். துவைக்க லேசு, ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஆட்டு மயிர்க் கம்பளி இலேசில் பற்றாது. ஆனால் சில பிள்ளைகளுக்கு அரிக்கும். எந்த நூலானாலும் தொப்பியை அடுப்புக்கு மேலே காயப் போடாதீங்க.

பின்னும் முறை

முதலில் அளவு. நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்ரிமீற்றர். தொப்பி இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதால் அதை விட 3, 4 சென்ரிமீற்றர் குறைத்து, 31 என்று வைப்போம். உயரம் 17, அதில் 3 சென்ரிமீற்றர் விளிம்பு மடிப்புக்கு.

நூல் நுனியில் ஒரு சுருக்குக் கண்ணி போட்டு ஊசியில் மாட்டுங்க. நூலை ஊசியில் சுற்றி அந்தக் கண்ணிக்குள்ளால் இழுங்க. இது ஒரு சங்கிலி. இப்படியே 17 சென்ரிமீற்றர் வரும்வரை போடுங்க. என் கைக்கு 28 வரும். உங்கட கைக்குக் கூடலாம், குறையலாம். அதற்கு மேல் ஒன்று கூட்டி 29. சங்கிலி தளர்வாக இருக்கட்டும். இறுகினால் அந்த ஓரம் மட்டும் கட்டையாகும்.

இனி முதல் நிரை. ஊசியில் உள்ள கண்ணியை எண்ணாமல், ஊசியில் இருந்து இரண்டாவது சங்கிலிக்குள் ஊசியை நுழையுங்க. நூலைச் சுற்றி இழுங்க; ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டுக்குள்ளாலும் ஒன்றாக இழுங்க. ஒரு கண்ணி மிஞ்சும். இது ஒரு பின்னல். ஒவ்வொரு சங்கிலியிலும் ஒன்று வீதம் 28. இங்கிலாந்துப் புத்தகத்தில் இதற்கு டபிள் குறோசே என்று பெயர், அமெரிக்கப் புத்தகத்தில் சிங்கிள் குறோசே. பெயரைப் பார்த்துக் குழம்பாதீங்க, செய்முறையைப் பாருங்க.

நிரை முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் துண்டைத் திருப்புங்க. இந்தச் சங்கிலியைப் பின்னலாக எண்ணக் கூடாது. இப்போது கவனிங்க. பின்னலின் தலையில் இரண்டு இழை பக்கம் பக்கமாகத் தெரியும். ஒன்று உங்களுக்குக் கிட்ட, மற்றது எட்ட. இரண்டையும் சேர்த்துக் குத்தாமல் எட்ட இருக்கிற இழைக்குள் மட்டும் ஊசியை விட்டு அதே பின்னலைப் போடுங்க. விட்டுப்போன இழைதான் வரப்பாக எழும்பும். முழு இரகசியமும் இந்த ஒரு இழையில்தான்.

துண்டு 31 சென்ரிமீற்றர் அகலம் வரும்வரை இப்படியே போங்க. 58, 60 நிரை வரலாம். இரட்டை எண்ணில் நிறுத்தினால் பொருத்துகிற இடத்திலும் வரப்பு ஒழுங்காக வரும். முதல் ஓரத்தையும் கடைசி ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, இரண்டுக்குள்ளாலும் ஊசியை விட்டு நூலை ஒரே இழுவையாக இழுத்துப் பொருத்துங்க. ஒரு முழம் நூல் விட்டு வெட்டுங்க. அதை மொட்டை ஊசியில் கோத்து, இப்போது குழாய் மாதிரி இருப்பதன் ஒரு வாயைச் சுற்றி ஒரு நிரை விட்டு ஒரு நிரை ஓடவிட்டு, சுருக்குப் பை மாதிரி இழுங்க. உச்சியில் ஓட்டை மூடியதும் நாலு தரம் குறுக்கே தைத்து முடிச்சுப் போடுங்க. நூல் நுனியை உள்ளே ஒளித்துவிட்டுத் தொப்பியைப் புரட்டுங்க, விளிம்பை மடியுங்க. பிள்ளைக்குப் போடுமுன் ஒரு தரம் துவைத்துக் காய வையுங்க.

பெரியவர்களுக்கும் இதே முறைதான். உயரம் 26, அகலம் 49 அளவில் வைத்தால் பெரட்டுக்குப் போகும் பெண்ணுக்குச் சரி.

பிழை எங்கே வரும்?

எல்லோருக்கும் வருகிற பிழை ஒன்றுதான்: துண்டு போகப் போக ஒடுங்கும், இல்லாவிட்டால் அகலும். கடைசிப் பின்னலைத் தவறவிட்டால் ஒடுங்கும். திருப்புகிற சங்கிலியிலும் ஒன்று போட்டால் அகலும். நிரையின் முதல் பின்னலிலும் கடைசிப் பின்னலிலும் வேறு நிற நூல்துண்டு மாட்டி வையுங்க. ஒவ்வொரு நிரையும் 28 தானா என்று எண்ணுங்க. பிழை என்றால் ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுங்க, அவிழ்ந்து வரும். துணி வெட்டினால் வெட்டினதுதான். இதில் நூல் ஒரு சாண் கூட வீணாகாது.

முன்னுக்கு இருக்கிற அக்கா, இடது கைக்காரி என்ன செய்வது என்று கேட்கிறாங்க. எனக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்துச் செய்ங்க. பின்னல் அதேதான்.

விற்கலாமா?

இந்தக் கேள்வி எங்கே போனாலும் வரும். பின்னலால் குடும்பங்கள் பிழைத்ததுண்டு. உங்கட பூட்டன்மார் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த அதே 1840களில், அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தின்று பெரும் பஞ்சம் வந்தது. அங்கே கன்னியாஸ்திரிகள் பெண்களுக்குக் குறோசே பழக்கினார்கள். அந்தச் சரிகைப் பின்னலை விற்று எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஆந்திராவின் கோதாவரிக் கரையில் நரசாப்பூர் என்ற ஊர். அங்கேயும் பாதிரிமார் கொண்டுவந்த குறோசே பெரிய ஏற்றுமதித் தொழிலானது. 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982இல் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாளுக்கு ஆறு, எட்டு மணித்தியாலம் பின்னிய பெண்களை, வீட்டில் சும்மா இருக்கும்போது செய்கிறவர்கள் என்று சொல்லியே மிகக் குறைந்த கூலி கொடுத்தார்கள் என்று அதில் காட்டினார். தோட்டத்துப் பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

கடையில் தொங்குகிற மலிவுத் தொப்பி இயந்திரம் பின்னியது; விலையில் அதோடு போட்டி போட முடியாது. ஆகவே யாராவது தொப்பி கேட்டால் நூல் விலையை மட்டும் வாங்காதீங்க. எத்தனை மணித்தியாலம் ஆனது என்று ஒரு கொப்பியில் எழுதி, அதற்கும் சேர்த்துச் சொல்லுங்க. கட்டுப்படாது என்றால் வேண்டாம். பிறக்கப் போகிற பேரப்பிள்ளைக்கு, பக்கத்து லயத்துப் பிள்ளைக்குப் பின்னினாலே நம்ம வேலை நடந்துவிட்டது.

இந்தத் தோட்டத்தில் இந்த மாதம் பிரசவத்துக்கு இருக்கிற தாய்மார் எத்தனை பேர் என்று மருத்துவிச்சி அம்மாவுக்குத் தெரியும். அத்தனை தொப்பி முதலில் முடியட்டும். ஆளுக்கொன்று என்றால், நாளுக்கு அரை மணித்தியாலமாக ஒன்றிரண்டு கிழமையில் முடித்துவிடலாம். மெதுவாக வந்தால் பரவாயில்லை.

சரி, இனி எல்லோரும் ஊசியை எடுங்க. முதலில் சுருக்குக் கண்ணி.