லாரி வந்ததா, வரலையா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு ஏற்ற வேண்டிய லாரி இன்னும் வரவில்லை. 'ஹேஸின்ட் த லாரி கம்?' என்று வெளிநாட்டு மேலாளர் கேட்கிறார். கவரைப்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் இளைஞர் 'யெஸ் சார்' என்கிறார். 'ஆமாம் சார், வரல' என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. மேலாளர் காதில் விழுந்ததோ 'வந்துவிட்டது'. நம் 'ஆமாம்', கேட்டவர் நினைப்பது சரி என்று ஒத்துக்கொள்ளும் சொல். ஆங்கில 'யெஸ்' அப்படியல்ல. அது நடந்ததை மட்டும் பார்க்கும். லாரி வரவில்லையென்றால், கேள்வி எப்படி வந்தாலும் பதில் 'நோ'தான்.

இந்தப் பிழைக்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று உண்டு: விடை வழு. பவணந்தி முனிவரின் நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாகப் பிரிக்கிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிறோம். ஆங்கிலப் பிழையைச் சலித்தெடுக்க இதைவிட நல்ல சல்லடை இல்லை என்பது என் கருத்து. 'யெஸ்டர்டே ஐ ஹேவ் சென்ட் த பில்' என்பதைப் பாருங்கள். 'பில்லை நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்பது தமிழில் குற்றமற்ற வாக்கியம். ஆங்கிலத்தில் 'ஹேவ்' வந்தால் பேச்சு இன்றைக்கு இழுத்து வரப்படுகிறது. 'யெஸ்டர்டே'யோ முடிந்துபோன நாள். இரண்டும் ஒட்டாது. 'ஐ சென்ட்' போதும். இது கால வழு. 'பத்துப் பெட்டி வந்தது' என்று நாம் தாராளமாகச் சொல்லலாம், அஃறிணைக்கு 'கள்' கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் 'டென் பாக்ஸஸ்' என்றே சொல்லியாக வேண்டும். 'டிஸ்கஸ் அபவுட்' என்பதில் ஒளிந்திருப்பது நம் 'பற்றி'. 'டிஸ்கஸ்' அதை ஏற்கெனவே விழுங்கிவிட்டதால் 'அபவுட்' உபரி.

தமிழில் நினைப்பதால்தானே இத்தனை பிழை, ஆங்கிலத்திலேயே நினைக்கச் சொல்லலாமே என்பார்கள். நினைப்பது குழாய்த் தண்ணீரா, ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்க? எந்தத் தமிழ் வழக்கு உள்ளே புகுந்தது என்று தெரிந்தவர்தான் அதை வெளியே எடுக்க முடியும். இது இந்திய ஆங்கிலம், ஏன் திருத்த வேண்டும் என்போரும் உண்டு. பாதி நியாயம். பிழையையும் காரணம் பார்த்து ஏற்பதை நம் இலக்கணம் வழுவமைதி என்கிறது. பாதி வழியில் இருந்துகொண்டே 'இதோ வந்துட்டேன்' என்கிறோம், யாரும் ஏமாறுவதில்லை. நம் நாட்டு ஆங்கிலத்தில் புழங்கும் 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கே போய்விட்டது. பொருள் புரிகிறவரை அமைதி கொள்ளலாம். ஆனால் அந்த 'யெஸ்' பொருளையே தலைகீழாக்குகிறதே! செல்பேசி திருத்திவிடும் என்றும் நம்பாதீர்கள். 'யெஸ்' என்ற சொல்லில் எந்தப் பிழையும் இல்லை, அதன் கீழே சிவப்புக் கோடு விழாது. லாரி வந்ததா என்பது செல்பேசிக்குத் தெரியாது.

ஆகவே, நேர்காணலுக்குப் போகிற தம்பி தங்கைகளே, 'இல்லையா' என்று பொருள்படும் கேள்வி வந்தால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். 'நோ சார், இட் ஹேஸின்ட் கம்' என்று முழுசாகச் சொல்லுங்கள்.