ஞாயிற்றுக்கிழமைத் திண்ணை

திருவனந்தபுரத்துக் கரமனையில் வளரும் நம் மகள், சென்னையில் ஒரு திருமணத்திற்குச் சென்று திரும்பினாள். வந்ததும், "அப்பா, நாம் பேசுவது தமிழே இல்லையாமே?" என்று கேட்டாள். மலையாளச் சாயல் கொண்ட அவள் பேச்சைக் கேட்டு உறவினர் நகைத்தனராம். பதினான்கு வயதுப் பெண்ணின் அக்கேள்வி நம்மை உறங்கவிடவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் உங்கள் இல்லங்களிலும் இக்கேள்வி எழுந்திருக்கக்கூடும். பள்ளிப் பாடநூலில் இதற்கு விடை இராது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், 1964-ஆம் ஆண்டுக் கோடையில், கறுப்பின மாணவர்களுக்காக 'விடுதலைப் பள்ளிகள்' நடத்தப்பட்டன. நாற்பதுக்கு மேற்பட்ட அப்பள்ளிகளில் கட்டணம் கிடையாது. மாதாகோயில்களிலும் மரநிழலிலும் கூடிய பிள்ளைகள், பாடநூல்கள் மறைத்த தம் முன்னோர் வரலாற்றைக் கற்றனர், கவிதை எழுதினர், நாடகம் நடித்தனர், தாமே செய்தித்தாள்களும் வெளியிட்டனர். அவர்கள் பட்ட கொடுமையையும் நம் சிறு மனக்குறையையும் ஒரே தராசில் வைப்பது தகாது. ஆயினும், தன் வரலாறு அறிந்த பிள்ளை தலைகுனியாது என்பது எல்லோர்க்கும் பொதுவான பாடமன்றோ?

அதனை எண்ணியே, ஞாயிறுதோறும் காலையில் நம் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளைக் கூட்டினோம். இந்நகரின் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை, 1891-இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டதைக் கூறினோம். தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து அந்நூலிலிருந்தே எடுக்கப்பட்டது என்றதும், பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. இதே வட்டாரத்தில் 1893-இல் அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் வில்வண்டியில் சென்றதையும் சொன்னோம். "வழி மறுத்தவர்களில் நம்மவரும் இருந்தார்களா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். இருந்திருக்கலாம் என்றே விடையளித்தோம். வரலாறு என்றால் அதுவும் சேர்ந்ததுதானே?

பின்னர், நீல பத்மநாபன் 1968-இல் வெளியிட்ட 'தலைமுறைகள்' நாவலை எடுத்தோம். இரணியல் வட்டாரத்துப் பேச்சுமொழியே அதில் இலக்கியமாகி நிற்கிறது. நகைப்புக்கு இடமானதாகத் தாம் கருதிய சொற்களை அச்சில் கண்ட பிள்ளைகள் வியந்தனர். அடுத்த வாரம் ஒவ்வொருவரும் தம் பாட்டியின் பேச்சை, அவர் பேசுகிறபடியே எழுதி வந்தனர். எழுத்துப்பிழைகள் ஏராளம்; ஆனால் ஒரு வரியும் பொய்யில்லை. நம் மகள் தன் பக்கத்தை அச்சென்னை உறவினருக்கே அஞ்சலில் அனுப்பினாள்.

அன்பர்களே, இதற்குப் பொருட்செலவு இல்லை. வாரம் ஒரு மணி நேரமும், பிள்ளைகள் கேட்பதற்கு ஒளியாமல் விடை சொல்லும் மனமும் இருந்தால் போதும். வருகின்ற ஞாயிறன்றே தொடங்குங்கள்.