பனிக்குக் காது கொடுத்தவர்கள்



வெருகலில் நமக்குத் தெரிந்த பனிக்கட்டி மீன்வாடியில்தான் இருக்கிறது. முகத்துவாரத்தில் கரைசேர்ந்த மீனை நொறுக்கிய ஐஸில் புதைத்து அனுப்புவார்கள். மத்தியான வெயிலில் பெட்டியின் அடியால் தண்ணீர் ஒழுகி மணலில் கோடு போடும். நமக்குப் பனி என்றால் கையில் நிற்காமல் கரைகிற பொருள். இந்தக் கண்ணோடு ஒருவர் துருவத்துக்குப் போனால் எதைக் காண்பார்?

டெல்லியில் பிறந்த கலைஞர் ஹிமாலி சிங் சொயின் போனார். 2017இல் ‘ஆர்க்டிக் சர்க்கிள்’ என்ற வதிவிடத் திட்டம் அவரை நோர்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அழைத்துச் சென்றது. கலைஞர்களைப் பாய்மரக் கப்பலில் ஏற்றிப் பனிக்கரைகளில் இறக்கிவிடுகிற திட்டம் அது. அந்தப் பயணத்தில் முளைத்த படைப்புத் தொடருக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயரை ‘நாம் அப்படி எதிரெதிர்’ என்று சொல்லலாம். அதிலுள்ள திரைப்படத்துக்கு 2019ஆம் ஆண்டின் ஃபிரீஸ் கலைஞர் விருது கைகொடுத்தது.

படத்தில் வெள்ளியாய் மின்னும் போர்வையோடு ஓர் உருவம் பனிவெளியில் அலைகிறது. டேவிட் சொயின் டப்பசர் நான்கு நரம்பு வாத்தியங்களுக்காக அமைத்த இசை கூடவே வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பனி நகர்ந்து வந்து நாட்டையே மூடிவிடும் என்றோர் அச்சம் இருந்தது. படம் அதைத்தான் கிளறுகிறது. ஊர் ஊராகப் பிடித்து ஆண்டவர்களுக்கு, உலகின் விளிம்பு ஒருநாள் தங்கள் வாசலுக்கு வந்துவிடுமோ என்ற நடுக்கம்! 1957 வரை அவர்களுடைய கடற்படை தளம் வைத்திருந்த திருகோணமலைக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதையல்ல. அதே நாட்டு ஆய்வுப்பயணி ஸ்கொட்டின் அந்தாட்டிக்காப் பயணத்தில் ஒளிப்படக்காரர் ஹெர்பட் பொன்டிங் எடுத்த ஒளிப்படங்கள் அற்புதமானவை. ஆனாலும் அவற்றில் பனி, மனிதன் வெல்லவேண்டிய வெற்றுவெளி. சொயினின் பனிக்கு நினைவு இருக்கிறது, சொல்வதற்குக் கதையும் இருக்கிறது.

குறையும் சொல்லவேண்டும். சில வாரம் தங்கி வருகிறவர் விருந்தாளிதான். அழகில் மயங்கிவிடுகிற ஆபத்து எந்த வதிவிடத் திட்டத்திலும் உண்டு. இந்தப் படமும் சில இடங்களில் அந்த வெள்ளையில் சற்று அதிகமாகவே தங்கிவிடுகிறது.

பனியை வேறு விதமாகக் காட்டியவர்களும் உண்டு. 2018இல் கலைஞர் ஒலாஃபூர் எலியாசன் கிரீன்லாந்துப் பனிப்பாளங்களை லண்டன் தெருவுக்கே கொண்டுவந்து கரையவிட்டார். மக்கள் தொட்டுப் பார்த்தார்கள். என் மனம் அதைவிட ஒரு தொலைபேசி இலக்கத்திலேயே நிற்கிறது. 2007இல் ஸ்கொட்லாந்துக் கலைஞர் கேட்டி பேட்டர்சன், ஐஸ்லாந்தின் வட்னயோக்குல் பனியாறு கரைந்து சேரும் நீரேரிக்குள் ஒலிவாங்கியை இறக்கி, அதைத் தொலைபேசியோடு இணைத்தார். யாரும் அழைக்க முடிந்தது. மறுமுனையில் பேச ஆள் இருக்கவில்லை. பனி கரையும் ஓசை மட்டும் வந்தது. காதை நம்பியே வேலை செய்கிற எனக்கு, துருவத்தைப் பற்றிய மிக நேர்மையான படைப்பு அதுதான்.

‘நாம் அப்படி எதிரெதிர்’ என்று சொயின் வைத்த பெயருக்குத் திரும்பவும் வருகிறேன். கிரீன்லாந்தின் பனித்திணிவு தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரையக் கரைய அந்தப் பிடி தளரும். அங்கே கரையோரத்தில் கடல் தாழும். பூமத்திய ரேகைக்குக் கிட்டிய நம்முடைய கடல்களில், உலக சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக ஏறும்.