பாதி வசனமும் முழு அநீதியும்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேள்விப்பட்ட ஒரு தம்பி கடைவீதியில் என்னை நிறுத்தினார். "காக்கா, தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரன் பைபிளை வைத்து என்ன செய்தால் நமக்கென்ன? நம்ம ஊரில் பேசுவதற்கு விஷயமா இல்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த உரை முடிவதற்குள் அவருக்குப் பதில் கிடைத்து விடும் என்று நம்புகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். கிறிஸ்தவ சமுதாயத்தைப் பழிப்பதற்காக நான் இங்கே நிற்கவில்லை. ஒரு வேதத்தை ஓர் ஆட்சி எப்படி வளைத்தது, அதே வேதத்தை நம்பிய மக்களே அந்த ஆட்சியை எப்படி எதிர்த்து நின்றார்கள் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். ஒன்றை மட்டும் சொன்னால் நானும் அளவு குறைத்தவன் ஆவேன்.

சிலருடைய பலவீனம்

நிறவெறி என்றதும் 1948ஆம் ஆண்டுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அதன் வித்து அதற்கு முன்பே தேவாலயத்துக்குள் விழுந்து விட்டது. 1857ஆம் ஆண்டு கேப் பகுதியில் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் மாமன்றம் கூடியது. வெள்ளையரும் வெள்ளையர் அல்லாதவரும் ஒரே சபையில் சேர்ந்து வணங்குவதுதான் வேதத்துக்கு ஏற்றது, விரும்பத்தக்கது என்று அந்த மாமன்றம் ஒப்புக் கொண்டது. ஒப்புக் கொண்ட அதே மூச்சில், சிலருடைய பலவீனத்தின் காரணமாக அது தடையாக இருக்குமானால் தனிக் கட்டிடத்தில் வணங்கச் செய்யலாம் என்றும் தீர்மானித்தது.

கவனியுங்கள் சகோதரர்களே! வேதம் சொல்வது சரி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சிலருக்குப் பக்கத்தில் கறுப்பன் உட்காருவது பிடிக்கவில்லை. அந்தச் சிலருக்காக ஒரு சலுகை கொடுத்தார்கள். 1881இல் கலப்பினத்தவருக்கென்று தனித் திருச்சபையே உருவாகி விட்டது. சலுகை வழக்கமானது. வழக்கம் கொள்கையானது. கொள்கைக்கு ஆதாரம் வேண்டுமே என்று பிறகு வேதத்தைப் புரட்டினார்கள். சட்டத்துக்காக வேதம் தேடப்பட்டதே தவிர, வேதத்திலிருந்து சட்டம் பிறக்கவில்லை.

போதகர் பிரதமரானார்

1948 தேர்தலில் தேசியக் கட்சி வென்றது. பிரதமராக வந்தவர் டி.எஃப். மலான். இவர் சாதாரண அரசியல்வாதி அல்லர். அதே திருச்சபையில் போதகராக இருந்தவர். 1915இல் பிரசங்க மேடையை விட்டு இறங்கிப் பத்திரிகை ஆசிரியராகி, அங்கிருந்து அரசியலுக்கு வந்தவர்.

அவர் ஆட்சிக்கு வந்ததும் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1949இல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம். 1950இல் ஒவ்வொரு மனிதனையும் இனம் பிரித்துப் பதிவு செய்யும் சட்டம். அதே ஆண்டில், எந்த இனத்தவன் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், கடை வைக்கலாம் என்று வரையறுத்த குழுப் பகுதிகள் சட்டம்.

இதற்கான வேத விளக்கம் முன்பே தயாராகி இருந்தது. 1944இல் புளூம்ஃபோன்டைன் நகரில் நடந்த மாநாட்டில் ஜே.டி. டு டோய்ட் என்ற அறிஞர் இனக் கொள்கையின் மார்க்க அடிப்படை பற்றிப் பேசினார். பைபிளை ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் அவர். வேதத்தை எழுத்தெழுத்தாக அறிந்தவர். படைப்பின் போது கடவுள் ஒளியையும் இருளையும் பிரித்தார், பாபேல் கோபுரத்தில் மொழிகளைப் பிரித்தார், ஆகவே பிரிப்பது கடவுளின் செயல் என்று அவர் வாதிட்டார்.

அறியாமையால் வந்த தவறு இது என்று சொல்ல முடியுமா? கற்றவர்களால் வந்த தவறு. இளைஞர்கள் இதை நெஞ்சில் குறித்துக் கொள்ள வேண்டும்.

எங்கே வெட்டினார்கள்?

அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூலின் 17ஆம் அதிகாரத்தில் 26ஆம் வசனம் ஒன்று இருக்கிறது. அதன் முதல் பாதி, மனித இனம் முழுவதையும் கடவுள் ஒரே மூலத்திலிருந்து உண்டாக்கினார் என்கிறது. இரண்டாம் பாதி, அவர்கள் வாழும் காலங்களையும் எல்லைகளையும் குறித்தார் என்கிறது.

நிறவெறிக்கு ஆதாரம் தேடியவர்கள் எந்தப் பாதியை ஓங்கி வாசித்திருப்பார்கள்? எல்லை என்ற சொல் வரும் பாதியைத்தான்! ஒரே மூலம் என்ற பாதியை மறுக்கவும் முடியவில்லை. அதனால் அது ஆன்மிக ஒற்றுமை, அதற்கும் குடியிருக்கும் தெருவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பரணில் ஏற்றி விட்டார்கள். யூதன், கிரேக்கன், அடிமை, சுதந்திரன் என்ற பேதமில்லை என்று கலாத்தியர் நிருபம் சொல்வதையும் அதே பரணில்தான் வைத்தார்கள்.

இப்படி வெட்டியதன் விளைவு என்ன? வணிகச் சகோதரர்களுக்கு இது உடனே புரியும். ஜோகன்னஸ்பர்க்கில் பேஜ்வியூ என்ற பகுதி இருந்தது. அதன் பதினான்காம் தெரு, இந்திய வணிகர்கள், குறிப்பாக முஸ்லிம் வணிகர்கள், தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்திய தெரு. அது வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. 1970களில் கடைகள் காலி செய்யப்பட்டன. வணிகர்கள் ஓரியண்டல் பிளாசா என்ற கட்டிடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கேப்டவுனில் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சுமார் 60,000 மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மட்டும் இடிக்காமல் விட்டார்கள். வணங்கும் இடம் நிற்கிறது, வணங்கும் மனிதனுக்கு அங்கே வீடில்லை! பாதி வசனத்தின் முழு விளைவு இதுதான்.

முழு வசனத்தையும் வாசித்தவர்கள்

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவல்துறை சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் காட்டஸ்லோ என்ற இடத்தில் திருச்சபைகளின் கூட்டம் நடந்தது. நிறத்தைக் காரணம் காட்டி எவரையும் எந்தச் சபையிலிருந்தும் விலக்கக் கூடாது, கலப்புத் திருமணத் தடைக்கு வேத ஆதாரம் இல்லை என்று அறிக்கை வந்தது. டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் பிரதிநிதிகள் பலரும் அதை ஏற்றார்கள்.

பிரதமர் வெர்வோர்டுக்கு இது பிடிக்கவில்லை. அவர் அதிருப்தியை வெளிப்படையாகக் காட்டியதும் திருச்சபையின் மாமன்றங்கள் தம் பிரதிநிதிகளையே கைவிட்டன. ஆட்சியாளர் முகம் சுளித்ததும் வேத விளக்கம் மாறி விட்டது!

ஒருவர் மட்டும் பின்வாங்க மறுத்தார். அவர் பெயர் பெயர்ஸ் நவ்டே. திருச்சபையில் உயர் பொறுப்பில் இருந்த போதகர். வெள்ளை ஆப்பிரிக்கானரின் இரகசிய அமைப்பான புரூடர்பாண்டின் உறுப்பினர். அந்த அமைப்பை நிறுவியவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர். பதவி, மரியாதை, உறவு எல்லாம் அவர் பக்கம் இருந்தன. 1963இல், மனிதருக்குக் கீழ்ப்படிவதை விடக் கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வேதப் பகுதியை வைத்துப் பிரசங்கம் செய்து விட்டு, அந்த மேடையை விட்டே இறங்கினார். இனம் கடந்த கிறிஸ்தவ நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1977இல் அரசு அந்த நிறுவனத்தையும் அவரையும் தடை செய்தது. ஒரே நேரத்தில் ஒருவரைத் தவிர வேறு எவருடனும் கூடிப் பேசக் கூடாது என்ற நிலையில் ஏழு ஆண்டுகள் கழிந்தன.

மலானும் போதகர், நவ்டேயும் போதகர். இருவரும் ஒரே திருச்சபை, ஒரே பைபிள். ஒருவர் மேடையிலிருந்து இறங்கிப் பிரதமர் நாற்காலிக்குப் போனார். மற்றவர் இறங்கி வீட்டுக் காவலைப் போன்ற வாழ்வுக்குப் போனார்.

ஓர் இமாமும் ஒரு பாதிரியாரும்

இதே மண்ணில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். இமாம் அப்துல்லாஹ் ஹாரூன். கேப்டவுனில் கிளேர்மாண்ட் பகுதிப் பள்ளிவாசலின் இமாம். பிழைப்புக்கு மிட்டாய் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி வேலை. சரக்கு விற்கப் போகிறேன் என்று கறுப்பர் குடியிருப்புகளுக்குள் போய் அந்த மக்களுக்கு உதவி செய்தவர். குழுப் பகுதிகள் சட்டம் இஸ்லாத்துக்கு விரோதமானது என்று பகிரங்கமாகச் சொன்னவர். 1969 மே 28 அன்று கைது செய்யப்பட்டார். 123 நாட்கள் காவலில் இருந்து செப்டம்பர் 27 அன்று இறந்தார். படிக்கட்டில் விழுந்து விட்டார் என்றது காவல்துறை. சித்திரவதையால் நேர்ந்த மரணம் என்று நீதிமன்றம் சொல்வதற்கு 2023 வரை, 54 ஆண்டுகள் ஆயின.

அவர் சிறையில் இருந்த போது அங்கிருந்த முஸ்லிம் அமைப்புகளின் குரல் எங்கே போனது என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. கசப்பான செய்திதான். ஆனால் அவருடைய மரணத்துக்கு விசாரணை கேட்டு 1971இல் உண்ணாவிரதம் இருந்தவர் யார் தெரியுமா? பெர்னார்ட் ராங்க்மோர் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். கேப்டவுன் மலைச்சரிவில் உள்ள ஒரு முஸ்லிம் தர்காவில் தங்கி, நாற்பது நாட்களைத் தாண்டியும் உணவின்றி இருந்தார். அரசு அசையவில்லை. ஆனால் வேதத்தை முழுதாக வாசித்தவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதை அவர் காட்டி விட்டார்.

ரோமர் 13

1983இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. சர்வ வல்ல கடவுளுக்குப் பணிந்து என்று முகவுரை தொடங்கியது. வெள்ளையருக்கு ஒரு சபை, கலப்பினத்தவருக்கு ஒரு சபை, இந்தியருக்கு ஒரு சபை. பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு எதுவும் இல்லை. கடவுள் பெயரைச் சொல்லித்தான் இதைச் செய்தார்கள்!

1985 ஈஸ்டர் நாளில் அதிபர் பி.டபிள்யூ. போத்தா, மோரியா என்ற இடத்தில் கறுப்பினக் கிறிஸ்தவர்களின் பெருங்கூட்டத்தில் பேசினார். ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை எடுத்தார். அதிகாரங்கள் கடவுளால் ஏற்படுத்தப்பட்டவை, கீழ்ப்படியுங்கள் என்ற பகுதி அது. அதே ஆண்டு ஜூலையில் நெருக்கடி நிலையை அறிவித்தார்.

செப்டம்பரில் பதில் வந்தது. 150க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட கைரோஸ் ஆவணம். அநியாயத்துக்கு வேத முலாம் பூசுவது "அரசு இறையியல்" என்று அது பெயர் சூட்டியது. ஆட்சியாளன் மக்களின் நன்மைக்காகக் கடவுளின் ஊழியன் என்று அதே ரோமர் 13 சொல்வதை நினைவூட்டியது. கொடுங்கோல் அரசை மிருகமாகக் காட்டும் வெளிப்படுத்தின விசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தையும் எடுத்து வைத்தது. நடுநிலை என்ற பெயரில் ஒதுங்கிய திருச்சபைகளையும் அது விடவில்லை.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் மாநாட்டில் வில்லி யோங்கர் என்ற டச்சு சீர்திருத்த இறையியலாளர் எழுந்து, தன் பாவத்தையும் தன் திருச்சபையின் பாவத்தையும் ஒப்புக் கொண்டார். 1857இல் ஒரு சலுகையாகத் தொடங்கியதற்கு மன்னிப்புக் கேட்க 133 ஆண்டுகள்!

நமக்கென்ன?

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

அளந்து வாங்கும் போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும் போது குறைப்பவர்களைக் குர்ஆன் கண்டிக்கிறது. அதை அரிசிக்கும் துணிக்கும் மட்டும் சொன்னதாக நினைக்கிறோம். வசனத்திலும் அளவு குறைக்கலாம் சகோதரர்களே! போதையில் தொழுகையை நெருங்காதே என்ற கட்டளையில் போதையை விட்டு விட்டு, தொழுகையை நெருங்காதே என்று மட்டும் ஓதியவனைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் தலைவருக்குக் கட்டுப்படுங்கள் என்ற பாதியை மட்டும் மேடையில் முழங்கி, தலைவர் நீதி செலுத்த வேண்டும் என்ற பாதியை விழுங்கும் போது நாம் கைதட்டுகிறோமே! அது நம் ஜமாஅத்திலும் நடக்கலாம், நம் இயக்கத்திலும் நடக்கலாம். எந்த மதத்துக்காரன் மேடையிலும் நடக்கலாம்.

ஆகவே இனி எவர் வேதத்தை மேற்கோள் காட்டி உங்களிடம் வாக்கோ, சந்தாவோ, மௌனமோ கேட்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? இந்த விளக்கத்தால் யாருடைய கடை, யாருடைய வீடு பறி போகிறது? சொல்கிறவரையும் இது கட்டுப்படுத்துகிறதா?

எதிரில் நிற்பவன் முஸ்லிமா, கிறிஸ்தவனா, இந்துவா என்று பார்த்துக் கேள்வியை மாற்றாதீர்கள். வாங்குவதற்கு ஒரு படி, விற்பதற்கு ஒரு படி வைத்திருப்பவனை நம் கடைவீதி மதிப்பதில்லை. வேதத்துக்கும் ஒரே படிதான்.

அப்படி ஒரே படியால் அளக்கும் துணிவை வல்ல இறைவன் உங்களுக்கும் எனக்கும் தருவானாக! வஸ்ஸலாம்.